வியாதிக்கு ஜாதி ஏது?



1993-ம் வருஷம் அமெரிக்காவின் தென்மேற்குப் பாகத்தில் திடகாத்திரமான வாலிபர்கள் திடீரென்று மூச்சுத் திணறி மாண்டார்கள். முதலில் மாண்டவர்கள் நவஹோ என்னும் பழங்குடியினராகையால், பத்திரிகைகள் வியாதிக்கே அக்குலத்தின் பெயரைச் சூட்டின. ஜனங்கள் அவர்களைக் கண்டு ஒதுங்கினார்கள்.

ஆராய்ந்ததில் வெளியானதென்ன? மான் சுண்டெலி என்னும் எலியின் உடலிலிருக்கும் ஹாண்டா வைரஸே காரணம். அதன் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து, தூசியோடு தூசியாய் மூச்சில் நுழைகிறது. நுழையுமுன் அந்தத் தூசி குலங்கோத்திரம் விசாரிக்குமா? எலியை வீட்டில் அண்டவிடாதே என்று நவஹோ முதியோர்களே முன்னமே சொல்லி வந்தார்களே! பழி சுமந்தவர்களிடமே புத்தியும் இருந்தது.

ஆகவே தோழர்களே, எலி அடைந்த அறையை வறட்டுத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். கிருமிநாசினி தெளித்து, ஊறவிட்டுத் துடையுங்கள். வியாதி வந்தால் ஆளைப் பழிக்குமுன் காரணத்தைத் தேடுங்கள்.