காட்சி ஊடகப் படிப்பு நம்ம பிள்ளைகளுக்கு ஆகுமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



பிள்ளைகளின் மேல்படிப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. நர்சிங், டீச்சர் டிரெயினிங் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதனால் பிள்ளைங்க விஸ்காம் என்று சொல்கிற காட்சித் தொடர்பியல் பற்றியும், அதோடு சேர்ந்த டிஜிட்டல் இதழியல் பற்றியும் பேசுறேன்.

பேரைச் சொன்னதுமே "சினிமாவுக்கா அனுப்பப் போறே?" என்று கேட்கிறோம். டி.வி.யில் செய்தி வாசிக்கிற முகம் ஒண்ணுதான் நமக்குத் தெரியும். அதுக்குப் பின்னாடி செய்தி சேகரிக்கிறவங்க, கேமரா பிடிக்கிறவங்க, சத்தத்தைச் சரி பண்றவங்க, எடிட்டர், கீழே ஓடுற எழுத்தை அடிக்கிறவங்க, யூடியூபில் ஏத்துறவங்க என்று எத்தனையோ பேருக்கு வேலை இருக்கு.

"எல்லாரும்தான் போன்ல வீடியோ எடுக்கிறோம், இதுக்கு மூணு வருஷம் படிப்பா?" என்றும் கேட்கலாம். 2018 மே மாதத்தை நினைச்சுப் பாருங்க. பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க என்று வாட்ஸ்அப்பில் புரளி சுத்திச்சு. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மாவை, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாங்க என்று சந்தேகப்பட்டு அடிச்சே கொன்னுட்டாங்க. இது யார் சொன்னது, எங்கே எடுத்தது, எப்போ எடுத்தது என்று அந்தப் புரளியை அனுப்பினவங்க கேட்டிருந்தா, அந்த அம்மா வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க. இதழியலில் முதல்ல சொல்லிக் கொடுக்கிறது அந்தக் கேள்விகளைத்தான். கேமரா அப்புறம்தான்.

உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்று ஒரு மாவட்டம். அங்கே 2002-ல் கிராமத்துப் பெண்கள் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினாங்க. அதில் தலித் பெண்கள் நிறைய. நிரந்தர் என்ற தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுத்தது. அவங்க ஊர்ப் பேச்சான புந்தேலியிலேயே எழுதினாங்க. தண்ணி வரலை, ரோடு போடலை, பொண்ணுக்குக் கொடுமை நடந்தும் புகார் வாங்கலை, இதெல்லாம்தான் செய்தி. பிறகு காகிதத்தை விட்டு, போனில் வீடியோ எடுத்துப் போட ஆரம்பிச்சாங்க. அவங்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் போட்டி வரைக்கும் போச்சு. எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரிஞ்சது வேற. அந்தப் படம் எங்க வேலையில் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டுது என்று அவங்களே அறிக்கை விட்டாங்க. புகழ்றாங்களே என்று வாயை மூடிக்கிட்டு இருக்கலை.

சரி, படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் விஸ்காம் சேரலாம். இதழியலில் மேற்படிப்புக்குச் சென்னை, மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களில் துறை இருக்கு. ஒளிப்பதிவு, எடிட்டிங் மட்டும் வேணும்னா தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கு.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி நேரில் போய்ப் பாருங்க. கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கேமரா எத்தனை, எடிட்டிங் கம்ப்யூட்டர் எத்தனை, பிள்ளைங்க எத்தனை பேர் என்று கேளுங்க. அங்கே படிக்கிற ஒரு பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு, "இந்த செமஸ்டரில் நீ எத்தனை தடவை கேமரா தொட்டே?" என்று கேட்டா உண்மை வந்துரும். பல்கலைக்கழக அங்கீகாரம் இல்லாத சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கொடுக்காதீங்க.

ஆரம்பத்தில் சம்பளம் குறைச்சல். ராத்திரி ஷிப்ட் வரும், நல்லநாள் பொல்லாத நாள் பார்க்க முடியாது. இதையும் பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லிடணும்.

எங்க குழுவில் ஒரு அக்கா, மகளோட விஸ்காம் படிப்புக்குக் கடன் கேட்டு மூணு கூட்டம் ஆச்சு. நர்சிங் என்றால் அன்னைக்கே தீர்மானம் எழுதியிருப்போம். கறவை மாட்டுக்குக் கொடுக்கிறோம், காதுகுத்துக்குக்கூடக் கொடுத்திருக்கோம். இதுக்கு மட்டும் "திரும்பி வருமா?" என்று யோசிக்கிறோம். எங்க குழு அக்காமார் இங்கேதான் உட்கார்ந்திருக்கீங்க. வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு அந்தப் பொண்ணே கட்டண விவரத்தோட வருது. கேட்க வேண்டியதை அதுகிட்டயே கேளுங்க. தீர்மான நோட்டை நான் எடுத்துட்டு வந்துடறேன்.