கிளைவிட்ட பனை



பனை கிளைவிடாத மரம். ஆயினும் அருமையாய் ஓரிடத்தில் இருதலைப் பனை நிற்கும். அதனை அற்புதமென்று வியக்கும் நாம் காரணத்தை நாடுவதில்லை.

மாவிலும் வேம்பிலும் கிளைதோறும் பல அரும்புகள் உறங்குகின்றன. நுனியை வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். பனைக்கோ வளரும் முனை ஒன்றே. வட்டின் நடுவே, குருத்தின் அடியில் அது மறைந்திருக்கிறது. அது முற்றாக அழிந்தால் மரம் மடியும். வண்டு துளைத்தோ வேறு காயம்பட்டோ, சாகாமற் பிளவுபட்டால், இரு பகுதியும் தனித்தனியே வளர்ந்து இருதலையாகலாம். எகிப்து தேசத்துத் தூம் பனை காயமின்றியே இயல்பாகக் கிளைக்கும். நம் பனையின் கிளையோ பெரும்பாலும் ஆறிய புண்ணின் அடையாளமே.

ஆனால் எல்லாப் புண்ணும் ஆறுவதில்லை. 2009இல் முடிவுற்ற போரிலே எறிகணைகள் வட்டைக் கொய்துவிட, மொட்டையாய் நின்ற பனைகளை நம் பெற்றோர் கண்டனர். அவை மீண்டும் தளிர்க்கவில்லை. முனையிழந்த பனை தளிர்க்கவும் மாட்டாது. அவற்றின் இடத்தை நிரப்பப் புதுவடலியே வேண்டும். அதுவும் பூத்துக் காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும்.

ஆதலின், இளைஞர்களே, இருதலைப் பனையை வியப்பதோடு நில்லாது, மொட்டைப்பனை நின்ற இடத்தில் ஆளுக்கொரு பனங்கொட்டை ஊன்றுவோமாக.