குடும்ப வைத்தியரும் மருத்துவ ஆராய்ச்சியும்

(ரிஷிவந்தியத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கு மருத்துவத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் கருதுதல் கூடும். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றோன், தீர்ப்போன், மருந்து, அருகிருந்து அளிப்போன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். இந்நான்கும் ஒருங்கு கூடுமிடம் வீடே. ஆராய்ச்சியோ பெரும்பாலும் பெருநகர் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றது. பாட்டன் முதல் பேரன் வரை ஒரு குடும்பத்தின் உடல்நிலையை அறிந்த வைத்தியர் அதிற் சேராது நிற்கின்றார். வயலில் பாம்பு தீண்டியவனை முதலிற் காண்பவர் அவரே. அவர் கண்டது நகரத்தார் கணக்கில் ஏறுவதில்லை.

ஆராய்ச்சி வீட்டை நாடின் விளையும் பயனுக்குச் சென்னையே சான்று. 1956-ல் சேத்துப்பட்டில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தனர். நல்லுணவும் ஓய்வும் குறைந்த வீட்டிலும் குணம் ஏறக்குறைய ஒத்திருந்தது; உடனுறைந்தோர்க்குத் தொற்று மிகவுமில்லை. 1959-ல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் க்ஷய சிகிச்சை முறையை மாற்றிற்று.

குடும்ப வைத்தியர்களையே திரட்டி நடத்திய ஆராய்ச்சியும் உண்டு. பிரிட்டனில் பொது வைத்தியர்களின் கல்லூரி 1968-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் சுமார் 1,400 வைத்தியர்கள் சேர்ந்தனர். கருத்தடை மாத்திரை உண்போரும் உண்ணாதாருமாக ஏறத்தாழ 46,000 பெண்டிரைப் பற்றி ஆறு திங்களுக்கு ஒருமுறை குறிப்பு அனுப்பினர். மாத்திரை உண்டோரிடை மரணம் மிகுதல் இல்லை என்று 2010-ல் வெளியிடப்பட்டது. நாற்பதாண்டு கடந்து கிடைத்த விடை இது! எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இதனைத் தனித்துக் கண்டிருக்கும்?

நிற்க. வைத்தியரைச் சேர்த்தல் எளிது, நிலைநிறுத்தலே அரிது. வாயிலில் நோயாளர் வரிசை நிற்க, நீண்ட படிவத்தை எவர் நிரப்புவார்? ஆதலின் படிவம் சுருங்கியிருத்தல் வேண்டும். எழுத்து வேலைக்குப் பயின்ற உதவியாளர் ஒருவர் வருதல் வேண்டும். செலவழித்த நேரத்திற்குத் தக்க ஊதியமும் வேண்டும். ஆயினும் ஆள் சேர்த்த தலைக்கணக்கிற்குப் பணம் என்பது தீது. அது வைத்தியரைத் தரகராக்கிவிடும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: முடிவு தெரிந்ததும் உழைத்த வைத்தியருக்குத் தெரிவித்தல். குறிப்பு அனுப்பியும் மறுமொழி காணாதவர் மறுமுறை எழுதார்.

நோயாளர் அஞ்சுவதும் இயல்பே. ‘எம்மை வைத்துச் சோதிக்கின்றார்களோ?’ என்பர். அவ்வச்சம் நீங்கத் தமிழிலேயே விளக்கி ஒப்புதல் பெறல் வேண்டும். விலக விரும்புவோர் எந்நேரமும் விலகலாம். அதனாற் சிகிச்சை குறையலாகாது. புதுமருந்துச் சோதனைக்கு அறநெறிக் குழுவின் அனுமதியும், அதனால் தீங்கு நேரின் ஈட்டுத்தொகையும் 2019ஆம் ஆண்டு விதிகளில் உள்ளன. இவற்றைக் கேட்டறிதல் நம் உரிமை.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. ரிஷிவந்தியம், சங்கராபுரம், கல்வராயன் மலை ஆகிய இடங்களின் வைத்தியர்கள் அக்கல்லூரியோடு கைகோத்தால், நம் மண்ணின் நோய்க்கு நம் மண்ணிலேயே விடை காணலாம். நம் குலத்தில் வைத்தியரான இளைஞர்களைச் சங்கம் இதற்குத் தூண்டுக. நம் குடும்பத்தார் வினவி, உணர்ந்து, மனமொப்பின் ஒத்துழைக்க. பழைய மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கத்தை இல்லந்தோறும் தாய்மார்கள் இன்றே தொடங்குக.