சக்தி சிப் ஏன் மெதுவா ஓடுது? மொகாலியில எரிஞ்சு போன கதை

பல்லடத்துல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கார். "அண்ணா, புது ராம் வாங்கி மாட்டினேன். பெட்டியில 3200-ன்னு போட்டிருந்துச்சு, கம்ப்யூட்டர்ல 2133-ன்னுதான் காட்டுச்சு. பயாஸ்க்குள்ள போயி எக்ஸ்எம்பி ஆன் பண்ணினேன், 3200 வந்துருச்சு. ப்ராசஸரையும் இப்படித்தான் ஏத்தறாங்க. அப்புறம் ஏன் நம்ம சென்னை ஐஐடி செஞ்ச சக்தி சிப் மட்டும் 70 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது? அதையும் ஏத்தி விட்டா என்ன?"

நல்ல கேள்விங்க. இந்தத் தம்பி மாதிரியே நிறையப் பேர், வேகம்ங்கறது திருகி வைக்கிற ஒரு எண்ணுன்னு நினைச்சுட்டிருக்காங்க. ஏத்தாதவங்களுக்கு ஏத்தத் தெரியலைன்னு முடிவு கட்டிடறாங்க. அது சரியில்லை.

பல்லடத்துக்காரருக்கு இதைத் தறியை வெச்சே சொல்லிரலாம். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரணும், அப்புறம்தான் அச்சு வந்து ஊடையை அடிக்கணும். மோட்டார் புல்லியை மாத்தி வேகத்தைக் கூட்டினா ஓரளவுக்குத் தாங்கும். அதுக்கும் மேல கூட்டினா, நாடா கரை சேர்றதுக்குள்ள அச்சு வந்து அடிச்சிரும். பாவு கொத்தா அறுந்து போகும். சிப்புக்குள்ளயும் நடக்கறது இதேதான். அடுத்த கடிகாரத் துடிப்பு வர்றதுக்குள்ள சிக்னல் போய்ச் சேர்ந்து நிலைச்சிருக்கணும். இல்லைன்னா ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல பூஜ்யம் பதிவாகும். கம்ப்யூட்டர் உறைஞ்சு நிக்கும். சில சமயம் நிக்காம, தப்பான கணக்கைச் சத்தமில்லாம எழுதி வெச்சிரும். அது இன்னும் மோசம்.

சிக்னல் சீக்கிரம் போகணும்னா வோல்டேஜைக் கூட்டலாம். ஆனா சூடு வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். 10 சதவீதம் கூட்டினா, அதே வேகத்துலயே 21 சதவீதம் சூடு கூடும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல, தகரக்கொட்டாய் ஆபீஸ்ல இதைச் செஞ்சு பார்த்தவங்களுக்கு மிச்சக் கதை தெரியும். தம்பியோட ராம் விஷயத்துல நடந்ததும் வோல்டேஜ்தான். எந்த வேகம், எத்தனை வோல்டேஜ்னு தயாரிச்சவங்களே சோதிச்சுப் பார்த்து, ராம்லயே இருக்கற ஒரு குட்டிச் சிப்புல எழுதி வெச்சிருக்காங்க. எக்ஸ்எம்பி ஆன் பண்ணினதும் 1.2 வோல்ட் பெரும்பாலும் 1.35 ஆயிரும். 2007-ல இன்டெல் கொண்டு வந்த ஏற்பாடு இது. நீங்க தட்டினது ஒரு பட்டன்தான். அதுக்குப் பின்னாடி சோதனை பண்ணினவங்க பலர்.

இப்படி ஏத்தி ஓட்டற பழக்கம் பழசுங்க. 1998-ல செலரான் 300ஏ-ன்னு ஒரு மலிவு ப்ராசஸர் வந்துச்சு. போர்டோட 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கினா, 300 ஓடறது 450 ஓடும். உலகம் பூரா பசங்க கொண்டாடினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இன்டெல்லே சூடு பட்டுச்சு. ஏஎம்டி கூட ஓடின போட்டியில, 2000 ஜூலை கடைசியில 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ இறக்கினாங்க. லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் பண்ணச் சொன்னா அது பாதியில படுத்துருச்சு. விமர்சகர்கள் வெளிய சொன்னதும், ஆகஸ்ட் முடியறதுக்குள்ள திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 2004-ல 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டாங்க. இதெல்லாம் உங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும், அதனால வேகமா தாண்டிக்கறேன். பணமும் ஆலையும் ஆளும் குவிஞ்சு கிடக்கற கம்பெனிக்கே வேகத்தை ஏத்தி நிலையா நிறுத்தறது லேசுப்பட்ட வேலை இல்லைங்கறதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

இப்ப சக்திக்கு வருவோம். பேராசிரியர் காமகோடி தலைமையில சென்னை ஐஐடி குழு உருவாக்கினது. யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாத ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு மேல கட்டினது. 2018-ல ரெண்டு சிப் வந்துச்சு. ஒண்ணு ரைஸ்க்ரீக், அமெரிக்காவுல ஓரிகான்ல இருக்கற இன்டெல் ஆலையில, 22 நானோமீட்டர் நுணுக்கத்துல செஞ்சது (இந்த எண் குறையக் குறைய சிப் நுணுக்கமாகுதுன்னு அர்த்தம்). இன்னொண்ணு ரிமோ, நம்ம நாட்டுல, சண்டிகர் பக்கத்துல மொகாலியில இருக்கற எஸ்சிஎல் ஆலையில, 180 நானோமீட்டர்ல செஞ்சது. ரெண்டும் ஒரே குடும்ப வடிவமைப்பு, வரைஞ்சவங்களும் ஒரே குழு. ஓரிகான்ல செஞ்சது 300 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடுச்சு. மொகாலியில செஞ்சது 70. தம்பி கேட்டது இந்த 70-ஐத்தான்.

மூளை ஒண்ணு. தறிதான் வேற. நாடாத் தறியில உக்கார வெச்சுட்டு ஏர்ஜெட் வேகம் வரலையேன்னு நெசவாளியைத் திட்ட முடியுமா?

அப்ப நம்மகிட்ட ஏன் 180 மட்டும் இருந்துச்சு? இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ், சுருக்கமா எஸ்சிஎல். 1976-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. 1984-ல மொகாலியில உற்பத்தி ஆரம்பம். அமெரிக்காவோட ஏஎம்ஐ நிறுவனத்துகிட்ட வாங்கின 5 மைக்ரான் தொழில்நுட்பம். உலகத்தோட ஒப்பிட்டா அப்பவே கொஞ்சம் பின்னாடிதான், இல்லைங்கலை. ஆனா சொந்தமா கத்துக்கிட்டுப் படிப்படியா நுணுக்கமாகிட்டு இருந்தாங்க. கடிகாரத்துக்கும் டெலிபோனுக்கும் சிப் செஞ்சாங்க. அந்தக் காலத்துல இந்தியப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டு போன 'கிளாஸ்' திட்டம் ஞாபகம் இருக்கா? அதுல வந்த பிபிசி மைக்ரோவை யூனிகார்ன்ங்கற பேர்ல பூட்டிக் கொடுத்ததும் இவங்கதான். 2 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் அது. இன்னிக்கு உலகத்துக்கே சிப் செஞ்சு கொடுக்கற தைவானோட டிஎஸ்எம்சி இருக்கே, அது பொறந்ததே 1987-லதான். நம்ம ஆலை அதுக்கு 3 வருஷம் மூத்தது. திரும்பவும் சொல்றேன், மூத்தது.

1989 பிப்ரவரி 7. மொகாலி ஆலையில தீப்பிடிச்சுது. சிப் செய்யற கூடம் நாசமாச்சு.

எப்படிப் பிடிச்சுதுங்கறதுக்கு இன்னிக்கு வரைக்கும் முடிவான பதில் பொதுவுல வரலை. சதின்னு சொல்றவங்க இருக்காங்க. கையில ஆதாரம் இல்லாம நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆலைன்னா தீ பிடிக்கலாம், எந்த நாட்டுலயும் பிடிக்கலாம். என் கோபமெல்லாம் அதுக்கு அப்புறம் நடந்தது மேலதான். மறுபடி உற்பத்தி ஆரம்பிக்க 1997 ஆச்சு. 8 வருஷம்! தீப்பிடிச்ச ரெண்டே மாசத்துல இன்டெல் 486-ஐ அறிவிச்சாங்க: 1 மைக்ரான், 25 மெகாஹெர்ட்ஸ். நாம திரும்பி வந்த 1997-ல பென்டியம் 2 வந்துருச்சு: 0.35 மைக்ரான், 300 மெகாஹெர்ட்ஸ். வேகம் 12 மடங்கு ஏறின அதே 8 வருஷமும் நம்ம ஆலை சும்மா கிடந்துச்சு. அப்புறம் 2006-ல விண்வெளித் துறைக்குக் கீழ போச்சு. இஸ்ரேலோட டவர் நிறுவனத்துகிட்ட தொழில்நுட்பம் வாங்கித்தான் 180 நானோமீட்டருக்கே வந்து சேர்ந்தோம்.

விவரமானவங்க இங்க ஒண்ணு கேப்பீங்க: "அதே 180-ல இன்டெல் 1000 மெகாஹெர்ட்ஸ் ஓட்டலையா?" ஓட்டினாங்க. வேகத்துக்குன்னே பல வருஷம் தீட்டின செய்முறை அவங்களோடது. சர்க்யூட்டையும் அந்தச் செய்முறைக்குத் தக்கபடி இழைச்சு இழைச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் கைப்பழக்கம் காசு கொடுத்தா வர்றதில்லை. ஒவ்வொரு தலைமுறையையும் ஓட்டிப் பார்த்து, கெடுத்து, திருத்தித்தான் வரும். நாம தொலைச்சது கட்டடத்தை விட அந்த 8 வருஷத்துக் கைப்பழக்கத்தை.

இன்னொண்ணும் சொல்லணும். 70-ங்கற எண்ணைப் பார்த்துச் சிரிக்கறவங்க, செவ்வாய்ல ஓடற நாசாவோட பெர்செவரன்ஸ் வண்டியைப் பாருங்க. அதோட ப்ராசஸர் அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ்தான். கதிர்வீச்சுலயும் குளிர்லயும் ஒரு தப்பும் இல்லாம ஓடணுங்கறதுதான் அங்க கணக்கு. நம்மளும் அந்தப் பாதையிலதான் போயிட்டிருக்கோம். 2025 பிப்ரவரியில சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் சேர்ந்து ஐரிஸ்னு ஒரு சிப்பை இயக்கிக் காட்டினாங்க. சக்தி வடிவமைப்பு, விண்வெளி வேலைக்குன்னே செஞ்சது. சிப் செஞ்சது அதே மொகாலி ஆலை. போர்டுல பூட்டினது சென்னையில சிர்மா எஸ்ஜிஎஸ்.

அதனால தம்பி, உங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். சக்தியோட வடிவமைப்பு முழுசும் இலவசமா, திறந்தே கிடக்குது. அதுல வஜ்ராங்கற வடிவத்தை ஆர்ட்டி ஏ7-100டி-ங்கற எஃப்பிஜிஏ போர்டுல, அதாவது வேணுங்கற சர்க்யூட்டை நாமளே உள்ள ஏத்திக்கற போர்டுல, ஏத்தி ஓட்டலாம். கோயமுத்தூர்ல, திருப்பூர்ல உங்க கூடப் படிக்கறவங்க நாலு பேர் சேர்ந்து ஒரு போர்டு வாங்குங்க, இல்லைன்னா காலேஜ் லேப்ல கேளுங்க. கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. எந்த இடத்துல சிக்னல் நேரத்துக்கு வந்து சேரலைன்னு மென்பொருளே வழி வழியாக் காட்டும். அந்த இடத்தைத் திருத்தி, முன்னை விட 5 மெகாஹெர்ட்ஸ் கூட்டி நிலையா ஓட்டிட்டீங்கன்னா எனக்கு எழுதுங்க. அடுத்த காணொளியில உங்களை உக்கார வெக்கறேன், நீங்களே விளக்கணும்.