சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம்

(புனிதப் பயணிகள் வழியனுப்பு நிகழ்ச்சியில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

  

"ஹஜ்ரத், ஜித்தா எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?" பயணிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். இடையில் இறங்காத விமானத்திற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது காற்று பெரும்பாலும் பின்னிருந்து தள்ளுவதால் நேரம் சற்றுக் குறையும்.

நம் முன்னோர் இரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலில் பல நாட்கள் கடலில் மிதந்து ஜித்தாவை அடைந்தனர். அந்த ஹஜ் கப்பல் 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கப்பலிலேயே பாடம் நடக்கும். மறந்ததைக் கேட்டறிய அவகாசமிருந்தது. நமக்கோ ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், அவ்வளவே.

கடிகாரத்தைக் கவனியுங்கள். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு அங்கு பகல் 1.30க்கு இறங்குவதாகப் பயணச்சீட்டில் கண்டு, மூன்றரை மணி நேரப் பயணம் என எண்ணுவோர் உண்டு. ரமளானில் உம்ரா செல்வோர்க்கு இது இன்னும் முக்கியம். பிற்பகலில் புறப்பட்டால் விமானம் சூரியனைத் தொடர்ந்தே மேற்கே செல்கிறது. ஊரில் மஃரிப் பாங்கு ஒலித்திருக்கும். உங்கள் சன்னலிலோ வெயில் அடிக்கும். நீங்கள் இருக்குமிடத்தில் சூரியன் மறைந்த பின்னரே நோன்பு திறக்க வேண்டும். அன்றைய நோன்பு இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீளக்கூடும். இயலாதவருக்குப் பயணியின் சலுகை இருக்கிறது.

நான் அதிகம் அஞ்சுவது இஹ்ராம் விஷயத்தில்தான். கப்பலில் சென்றோர் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினர். விமானமோ பெரும்பாலும் கிழக்கிலிருந்து, தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் பக்கமாகச் செல்கிறது. அந்த எல்லை ஜித்தாவில் இறங்குவதற்கு முன்னரே வந்துவிடும். அறிவிப்புச் செய்வார்கள், ஆனால் உறங்குபவருக்கு அது கேட்குமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் வந்த பெரியவர் ஒருவர், இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். "இறங்கியதும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஹஜ்ரத்" என்று வானில் கண்கலங்கினார். தைத்த உடையோடு நிய்யத் வைத்தால் பரிகாரம் கொடுக்க வேண்டும். நிய்யத் இன்றி எல்லையைக் கடந்தாலோ, திரும்பிச் சென்று வர வேண்டும். இல்லையேல் ஆடு அறுக்க வேண்டும். நல்லவேளை, பக்கத்து இருக்கைக்காரரிடம் மாற்றுத் துணி இருந்தது. விமானத்தின் குறுகிய கழிவறையில் அவர் அதைக் கட்டி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. வெளியே வரிசை வேறு!

எனவே ஆண்கள் வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ குளித்து, துணியை உடுத்திக்கொண்டே ஏறுங்கள். நிய்யத்தையும் தல்பியாவையும் எல்லை நெருங்கும்போது வைத்துக்கொள்ளலாம். உறங்கிவிடுவோம் என அஞ்சுவோர் முன்னதாகவே நிய்யத் வைத்தாலும் கூடும். பெண்கள் வழக்கமான உடையிலேயே இருக்கலாம்.

நாளை இஷாவுக்குப் பின் பயணிகள் அனைவரும் தங்கள் கைப்பையுடன் பள்ளிக்கு வாருங்கள். துணி உள்ளே இருக்கிறதா என நானே பார்த்து அனுப்புகிறேன்.