இரண்டே பருவங்கள் வாழ்ந்த குழு

ஒருவரின் பணத்தை மட்டும் நம்பி எழும் விளையாட்டுக் கழகம் எத்துணைக் காலம் நிலைக்கும்? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலுள்ள டான்பரி நகரம் விடை தருகின்றது.

பனித்தளத்திற் சறுக்கியவாறு ஆடும் ஹொக்கி அந்நாட்டினர் பெரிதும் விரும்பும் விளையாட்டுகளுள் ஒன்று. குப்பை அகற்றும் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் கலான்டே, 2004ஆம் ஆண்டில் டான்பரியில் அவ்விளையாட்டுக்கென ஒரு குழுவை நிறுவினார். தம் தொழிலை நினைவூட்டுமாறு அதற்கு ‘ட்ராஷர்ஸ்’ எனப் பெயரிட்டு, நிருவாகத்தை 17 வயது மகனிடம் ஒப்படைத்தார்.

ஆட்டத்திலும் கைகலப்பிலும் பேர்பெற்ற அக்குழுவைக் காண நகரத்தார் திரண்டனர். ‘யுனைற்றெட் ஹொக்கி லீக்’ என்னும் சிறுநிலைப் போட்டித் தொடரில், 2006ஆம் ஆண்டில் அது இறுதிச்சுற்று வரை முன்னேறிக் கலமசூ விங்ஸ் குழுவிடம் தோற்றது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கலான்டே கைதானார். தொழிலில் முறைகேடாகப் போட்டியை ஒழித்தமையோடு, ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு லீக் விதித்திருந்த உச்சவரம்பை மறைவாக மீறியமையும் அவர்மீது சாட்டப்பட்டது. குழு அத்துடன் கலைந்தது. 2008இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 87 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆயினும் 2010இல் வேறொரு குழு அதே அரங்கில் ஆடத் தொடங்கிற்று. ஆட்டக்காரரைப் பணத்தால் வாங்கலாம். ஊராரின் விருப்பமோ வாங்கப்பட்டதன்று. அதனாலேயே அது கலான்டேயின் வீழ்ச்சியோடு வீழவில்லை.