தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பித்தவனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். நூல்களில் பேரெண் எதிர்ப்படும்போதெல்லாம் 'எண்ணில் அடங்காதது' என்று உரைகூறிக் கடந்து போனவனே நான். அது பிழை என்பதை ஓர் எண் எனக்கு உணர்த்திற்று.

நம் ஆகமங்கள் எண்களைச் சங்க்யாதம், அசங்க்யாதம், அனந்தம் என மூன்றாக வகுத்து, உட்பிரிவுகளால் இருபத்தொன்றாக விரிக்கின்றன. எண்ணுக்குரியது, எண்ணிறந்தது, முடிவற்றது என்பன இவற்றின் பொருள். எண்ணிறந்தது வேறு, முடிவற்றது வேறு. சங்க்யாதமோ 2இல் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பர்யாப்தி நிறைந்த மனிதர்களின் தொகையை 'ஐந்தாம் வர்க்கத்தின் கனம்' என்கிறது. 2ஐ வர்க்கமாக்கினால் 4, அதை மீண்டும் வர்க்கமாக்க 16, பின்னர் 256, 65536, ஐந்தாவதாக 4294967296. அதன் கனம் இது:

79228162514264337593543950336

இருபத்தொன்பது இலக்கம்! இருப்பினும் இது சங்க்யாதத்தின் இடைநிலையிலேயே அடங்கும். முழு வர்க்கமும் இதுவே, முழுக் கனமும் இதுவே. 2 அன்றி வேறு பகா எண் எதுவும் இதனை வகுக்காது. இதனை மீதமின்றி வகுக்கும் எண்கள் 97. இவ்வெண்ணை நீக்கி ஏனைய 96ஐயும் கூட்டினால், இதனினும் சரியாக ஒன்று குறையும்.

அந்நூலாசிரியர் வாய்பாட்டோடு நிற்கவில்லை. இலக்கங்களை எழுத்துகளாக்கி மற்றொரு காதையிலும் அமைத்தார். சுவேதாம்பரர் போற்றும் அனுயோகத்வார சூத்திரமோ, தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண் என்று இதனையே சுட்டுகிறது. இவ்வாறு பாதியாகும் முறைகளின் தொகைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டின் தவளா உரையில் வீரசேனர் இதனை விரிவாகக் கையாள்கிறார். இன்றைய பள்ளிக் கணிதத்தின் மடக்கை, இரண்டை அடியாகக் கொண்டால், இதுவே.

ஒரே எண்ணைப் பல வழிகளில் கூறுவானேன்? கூறியது கூறல் குற்றமன்றோ என்று இலக்கணம் படித்த மனம் கேட்டது. விடை என் குறிப்பேட்டிலேயே கிடைத்தது. இவ்வுரைக்காக எண்ணைப் படியெடுத்துப் பாதியாக்கத் தொடங்கினேன். பதினான்கு முறை ஒழுங்காகச் சென்றது. பதினைந்தாம் முறை ஒற்றைப்படை எண் வழிமறித்தது. கழித்தலில் பிழையோ, வகுத்தலில் பிழையோ என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேடினேன். இறுதியில் இலக்கங்களை எண்ணிப் பார்த்தேன்; இருபத்தெட்டே இருந்தன. நடுவில் அடுத்தடுத்து நிற்கும் இரு 3களில் ஒன்றை என் கை விட்டிருந்தது. ஓலையில் எழுதியவர்க்கும் இத்தகைய கைப்பிழை நேர்ந்திருக்கக் கூடுமன்றோ? ஒரு வழியில் நேர்ந்த பிழையை மற்றொரு வழி காட்டிக்கொடுக்கும்.

விடுபட்ட 3ஐச் சேர்த்து மறுநாள் மீண்டும் தொடங்கினேன். தொண்ணூற்றாறாம் முறை 1 வந்தது.